ரெண்டு நாள் மழைக்கு அப்புறம் மணற்கல் பாறையில ஏறலாமா? கிளம்புறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்?

புதுக்கயிறு:

வணக்கம் மக்களே. இதுவரைக்கும் உள்ளரங்கச் சுவர்லயே ஏறிட்டு இருந்தேன், இப்ப தான் மெதுவா வெளியில பாறைக்குப் போக ஆரம்பிச்சிருக்கேன். கூட வர்றவளுக்கு என்னை விட அனுபவம் ஜாஸ்தி, லீட் (முதல் ஆளா கயிறை மேல கொண்டு போறது) எல்லாம் அவ தான் பண்ணுவா, ஆனா அவளும் பெரும்பாலும் நல்ல வெயில் காலத்துல தான் ஏறியிருக்கா. வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு மணற்கல் பாறைக்குப் போகலாம்னு பிளான். பிரச்சனை என்னன்னா புதனும் வியாழனும் அங்க செம மழை, வெள்ளி காலையில தான் விட்டுச்சு. ஞாயித்துக்கிழமைக்கு ஆப்ல பாத்தா 30% மழைன்னு போடுது, பக்கத்துல ஒரு சூரியன் படம், அதுக்குக் கீழ ஒரு குட்டி மேகம், இதை வச்சு நான் என்னன்னு முடிவு பண்றது.

கேள்வி ரெண்டு தான். ஒண்ணு, அந்த 30%ஐ எப்படி எடுத்துக்கணும், போகலாமா வேணாமா. ரெண்டாவது, அங்க போய் நின்னதுக்கு அப்புறம் பாறை ஏறுற நிலைமையில இருக்கா இல்லையான்னு எதை வச்சு சொல்றது. "பாத்தாலே தெரியும்"னு மட்டும் சொல்லிடாதீங்க ப்ளீஸ், பாத்தா எனக்கு ஒண்ணும் தெரியல, அதனால தான் கேக்குறேன்.


கல்லுளிமங்கன்:

நண்பா, எல்லாரும் ஞாயித்துக்கிழமை மழை வருமான்னு தான் பாக்குறாங்க. மணற்கல்லைப் பொறுத்தவரைக்கும் நீ பாக்க வேண்டியது புதனும் வியாழனும். ஞாயித்துக்கிழமை சும்மா சுள்ளுன்னு வெயில் அடிச்சாலும் அந்த ரெண்டு நாள் குடிச்ச தண்ணி உள்ளயே இருந்தா நீ ஏறக்கூடாது, அவ்ளோ தான் மேட்டர்.

ஏன்னு சொல்றேன். மணற்கல்லுங்குறது மணல் துகள் எல்லாம் ஏதோ ஒரு பசையால ஒட்டி நிக்குற கல். அந்தப் பசை என்னங்குறது தான் முக்கியம். சிலதுல சிலிக்கா, அது ஈரமானாலும் பெருசா அசராது. சிலதுல களிமண்ணு, சுண்ணாம்புச் சத்து, உப்பு, இதெல்லாம் தண்ணி பட்டா இளகிடும். அதனால தான் ஒரு சில மணற்கல் நனைஞ்சாலும் பத்து சதவீதம் கூட பலம் குறையாது, இன்னொரு வகை முக்கால்வாசி பலத்தையே இழந்துட்டு நிக்கும், ரெண்டுக்கும் வெளிய பாத்தா கலர் கூட ஒண்ணா இருக்கலாம். உன் பாறை எந்த வகைன்னு அங்க ரெகுலரா ஏறுறவங்க கிட்ட கேளு, தெரியலைன்னா மோசமான வகைன்னே வச்சுக்கோ.

மேல் பரப்பு காயுறதை நம்பாத. ஓதம் ஏறின சுவருக்கு வெள்ளை அடிச்ச மாதிரி தான், வெளிய பளிச்சுன்னு இருக்கும், உள்ள ஈரம் அப்படியே உக்காந்திருக்கும். வெயிலும் காத்தும் மேல ஒரு சென்டிமீட்டரை மடமடன்னு காய வச்சுடும். ஆனா நீ தொங்குற ஹோல்டோட (கல்லுல நீ பிடிக்குற பிடியோட) வேர் அதுக்கும் உள்ள இருக்கு, கேம் (விரிசலுக்குள்ள விரிஞ்சு பிடிக்குற கருவி) போட்டா அது அழுத்துற இடமும் அங்க தான்.

அமெரிக்காவுல நெவாடா பக்கம் ரெட் ராக் கேன்யன்னு ஒரு பெரிய மணற்கல் இடம், அங்க மழைக்கு அப்புறம் 24ல இருந்து 72 மணி நேரம் வரைக்கும் ஏறாதீங்கன்னு தான் சொல்லுவாங்க. அது பாலைவனம், வறண்ட காத்து, அங்கயே அந்தக் கதை. ஜெர்மனியில டிரெஸ்டன் பக்கத்துல எல்பே ஆத்தோரம் இருக்குற மணற்கல் கோபுரங்கள்ல இன்னும் கறார், ஈரக் கல்லுல ஏறவே கூடாதுங்குறது அங்க எழுதி வச்ச விதி, அது மட்டும் இல்ல, கல்லு தேய்ஞ்சுடும்னு விரிசல்ல சொருகுற உலோக நட், கேம் எதுவும் போடக்கூடாது, முடிச்சு போட்ட கயிறு தான் வைக்கணும், கை வழுக்காம இருக்க பூசுற சாக் பவுடர் கூட கிடையாது. நூறு வருஷத்துக்கு மேல ஏறிட்டு இருக்குற ஆளுங்க, சும்மா ஒண்ணும் வச்சிருக்க மாட்டாங்க.

அங்க போய் எப்படிப் பாக்குறதுன்னா, முதல்ல பாறையைத் தொடாத, அடிவாரத்து மண்ணைத் தோண்டு. கையாலயே ஒரு விரல் நீளத்துக்குத் தோண்டிப் பாரு, பாறையோட அதே பக்கத்து மண்ணு, மரத்தடியில பொத்திக் கிடக்குற இடமும் வேணாம், நாள் பூரா வெயில் காயுற பாதையும் வேணாம். மேல தூசியா இருந்து உள்ள ஈரமா கையில ஒட்டுச்சுன்னா பாறைக்குள்ளயும் அந்த நிலைமை தான்னு எடுத்துக்கோ. பொடிப்பொடியா உதிர்ந்தா நல்ல அறிகுறி. அப்புறம் கலர். ஈரக் கல் எப்பவுமே ஒரு ஷேடு கருப்பா இருக்கும், மொத்த பாறையையும் தள்ளி நின்னு பாரு, கிட்டப் போனா வித்தியாசம் தெரியாது. விரிசல் ஓரம், படி மாதிரி இருக்குற இடம், மேல புல்லு மரம் இருக்குற இடத்துக்கு நேர் கீழ, அங்கெல்லாம் கருப்புக் கோடு இறங்கியிருக்கும். அப்புறம் கையை வச்சு அழுத்தித் தேய். மணல் உள்ளங்கையில நிறைய ஒட்டிட்டு வந்தா திரும்பிடு.

உன் கணக்குக்கு வர்றேன். வெள்ளி காலையில விட்டுச்சுன்னா ஞாயிறு காலையில 48 மணி நேரம். ரெண்டு நாள் விடாம பெஞ்ச மழைக்கு அது பத்துமா பத்தாதாங்குறது வெள்ளியும் சனியும் எப்படி இருந்துச்சுங்குறதுல இருக்கு. வெயில் அடிக்குற முகமா, காத்து அடிச்சுதா, அப்படின்னா போய் மண்ணைத் தோண்டிப் பாக்குறதுல தப்பில்ல. மரம் மூடின நிழல் முகம், மூட்டமாவே இருந்துச்சுன்னா பெட்ரோலை மிச்சம் பண்ணு.


ஸ்லாப்_பைத்தியம்:

என்னங்க இது இவ்ளோ பயமுறுத்துறீங்க 😂 நாங்கல்லாம் மழை நின்னு ரெண்டு மணி நேரம், வெயில் வந்துச்சுன்னா ஷூவை மாட்டிடுவோம். கல்லு காஞ்சுதா, கை வழுக்கலையா, ஏறு. மண்ணைத் தோண்டுறது, கலர் பாக்குறது, இதெல்லாம் பண்ணிட்டு இருந்தா பொழுது போயிடும். புதுசா வர்றவங்களை இப்படி பயமுறுத்துனா அவங்க திரும்ப சுவருக்கே போயிடுவாங்க.


கல்லுளிமங்கன்:

@ஸ்லாப்_பைத்தியம் நீ ஏறுறது கருங்கல்லு. பேர்லயே ஸ்லாப் (சாய்வான பாறை) வச்சிருக்க. கருங்கல்லு தண்ணியை உள்ள வாங்குறதே ரொம்பக் கம்மி, மேல ஓடி வழிஞ்சு போயிடும், காஞ்சுதுன்னா காஞ்சுது தான், பலம் அப்படியே இருக்கும். அதனால நீ ரெண்டு மணி நேரத்துல ஏறுறது உன் பாறைக்கு சரி. அவர் கேக்குறது மணற்கல்லு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாத. கருங்கல்லுலயும் லைக்கன் (கல்லுல ஒட்டி வளர்ற பாசி மாதிரி ஒண்ணு) படர்ந்த ஸ்லாப்ல ஈரம் இருந்தா என்ன ஆகும்னு உனக்கே தெரியும், அந்தக் கருப்புத் திட்டு காஞ்சிருக்கும்போது சொரசொரன்னு இருக்கும், நனைஞ்சா சோப்பு.

அப்புறம் ஒரு விஷயம், ஹோல்டு உடைஞ்சா விழுறது ஏறுறவன் மட்டும் இல்ல, கீழ பிலே பிடிக்குறவ (ஏறுறவரோட கயிறைப் பிடிச்சுக் காக்குறவ) தலையிலயும் விழும். ஒடஞ்ச ஹோல்டு திரும்ப முளைக்காது, அந்த ரூட்டையே அடுத்தவன் ஏற முடியாம பண்ணிட்டு வர்றோம். மென்மையான மணற்கல்லுல துளை போட்டு அடிச்ச போல்ட் கூட ஈரத்துல பிடுங்கிட்டு வரலாம். சில பேர் ஈர ஹோல்டை ப்ளோ டார்ச் வச்சு காய வைக்குறாங்க, அதைப் பாத்தா எனக்கு ரத்தம் கொதிக்கும், சூட்டுல மேல இருக்குற கெட்டிப் பொருக்கு வெடிச்சுக் கழண்டுடும், அதுக்குக் கீழ வெறும் மணல் தான்.


ஸ்லாப்_பைத்தியம்:

சரி சரி, மணற்கல்லுன்னு தலைப்புலயே போட்டிருக்கு, கண்ணாடி எடுத்துட்டு வர்றேன். லைக்கன் மேட்டர் உண்மை. ஆனா அந்த 30%க்கு யாரும் பதில் சொல்லலையே.


மேகம்பாக்குறவ:

30%க்கு நான் வர்றேன். வானிலை பாக்குறது எனக்கு கிளைம்பிங்கை விட பிடிச்ச பொழுதுபோக்கு, அதனால கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

அந்த 30%னா நாள்ல 30% நேரம் மழை பெய்யும்னு அர்த்தம் இல்ல. லேசா பெய்யும்னும் இல்ல. அந்த நேரத்துக்குள்ள, அந்த இடத்துல, அளக்குற அளவுக்கு மழை விழ பத்துக்கு மூணு வாய்ப்பு, அவ்ளோ தான். எவ்ளோ நேரம், எவ்ளோ கனமாங்குறதை அந்த நம்பர் சொல்லவே சொல்லாது. அதனால நாள் கணக்கைப் பாக்காம மணி வாரியா பாருங்க, எத்தனை மில்லிமீட்டர்னு பாருங்க. அதை விட முக்கியம், எந்த மாதிரி மழை. பெரிய மேகப் பட்டை நகர்ந்து வர்ற மழைன்னா 30%ங்குறது பட்டை உங்க பக்கம் தொட்டுட்டுப் போகுமா போகாதாங்குற சந்தேகம், அது எப்ப வரும்னு ஓரளவு முன்னாடியே தெரியும், தொடங்குனாலும் தூறலாத் தொடங்கும். மத்தியான வெயில் சூட்டுல எழும்புற இடி மழைன்னா கதையே வேற, ஒண்ணு சொட்டு கூட விழாது, இல்ல அரை மணி நேரத்துல ஊத்தி எடுத்துடும், நடுவுல ஒண்ணும் கிடையாது. ஆப்ல ரெண்டுக்கும் அதே சூரியன், அதே குட்டி மேகம். அதனால தான் படத்தைப் பாக்காதீங்கன்னு சொல்றேன். முன்னறிவிப்புல எழுத்துல போட்டிருக்குறதைப் படிங்க, இடின்னு ஒரு வார்த்தை வருதான்னு பாருங்க.

அடுத்தது, அந்த முன்னறிவிப்பு எந்த இடத்துக்குன்னு பாருங்க. கம்ப்யூட்டர் மாடல் எல்லாம் நிலத்தைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு தான் கணக்கு போடும். ஐரோப்பிய வானிலை மையத்தோட முக்கியமான மாடலுக்கு ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீட்டர், அமெரிக்காவோட ஜிஎஃப்எஸ்ஸுக்கு சுமார் 13. உங்க பாறையும் அதுக்குப் பின்னாடி இருக்குற பள்ளத்தாக்கும் எல்லாம் ஒரே கட்டத்துக்குள்ள போயிடும், மலைமுகடு எல்லாம் மழுங்கிப் போயிருக்கும். ஆப் பெரும்பாலும் கீழ இருக்குற ஊரோட கணக்கைத் தான் காட்டும். நீங்க 1000 மீட்டர் மேல ஏறிப் போறீங்கன்னா சராசரியா ஆறு ஆறரை டிகிரி குறைச்சுக்கணும், காத்தைக் கூட்டிக்கணும். ரெண்டு மூணு மாடலைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. எல்லாம் ஒரே கதை சொன்னா நம்பலாம், ஒண்ணு வெயில்னும் ஒண்ணு மழைன்னும் சொன்னா யாருக்கும் இன்னும் தெரியலன்னு அர்த்தம், சனி ராத்திரி திரும்பப் பாருங்க. ஞாயிறு காலையில கிளம்பும்போது மாடலை விட்டுட்டு ரேடார், சாட்டிலைட் படம், இது ரெண்டையும் பாக்கணும், அது நடந்துட்டு இருக்குறதைக் காட்டுது.

அடுத்தது யாரும் பேசாத ஒண்ணு, டியூ பாயிண்ட், அதாவது காத்துல இருக்குற ஈரம் தண்ணியாப் படிய ஆரம்பிக்குற வெப்பநிலை. மழையே இல்லாம பாறை நனைஞ்சு நிக்குறதைப் பாத்திருக்கீங்களா? ராத்திரி பூரா குளிர்ந்து கிடந்த கல்லு மேல ஈரமான கதகதப்பான காத்து வந்து பட்டா கல்லு வேர்க்கும். கல்லோட மேற்பரப்பு சூடு டியூ பாயிண்ட்டை விடக் கீழ இருந்தா தண்ணி படியும், இது தான் கணக்கு. காத்து 24 டிகிரி, டியூ பாயிண்ட் 20, நிழல்ல இருக்குற கல்லு 18ன்னா அந்தக் கல்லு ஈரமா தான் இருக்கும், வானம் எவ்ளோ நீலமா இருந்தாலும். குளிர் நாலஞ்சு நாள் அடிச்சுட்டு திடீர்னு புழுக்கம் வர்ற அன்னிக்கு குகை மாதிரி இடத்துல, நிழல் முகத்துல இது நிச்சயம் நடக்கும்.

ஹ்யூமிடிட்டி சதவீதத்தைப் பாத்து ஏமாறாதீங்க. காலையில 8 டிகிரியில 95%னு போட்டிருக்கும், அய்யோன்னு தோணும், ஆனா டியூ பாயிண்ட் வெறும் 7 தான், வெயில் பட்டதும் கல்லு அதைத் தாண்டிடும், அன்னிக்கு உங்க விரல் நல்லா ஒட்டும். மத்தியானம் 32 டிகிரியில 60%, கேக்க நல்லா இருக்குல்ல, டியூ பாயிண்ட் 23க்கு மேல. கை வேர்த்து ஊத்தும், எவ்ளோ சாக் பூசினாலும் பத்தாது.


மேகம்பாக்குறவ:

இடி பத்தி தனியா எழுதுறேன், இது மட்டும் விளையாட்டில்ல.

காலையில பத்து பதினோரு மணிக்கே குட்டி மேகம் எல்லாம் அகலத்தை விட உயரமா வளர ஆரம்பிச்சா அன்னிக்கு மத்தியானம் இடி வாய்ப்பு ஜாஸ்தி. மேகத்தோட உச்சி தட்டையாப் பரவி, அடி கருத்துடுச்சுன்னா அது ஏற்கனவே இடி மேகம். பிரச்சனை என்னன்னா பாறைங்குறது ஒரு பக்கத்தை மொத்தமா மறைக்குற சுவர். நீங்க மேற்கைப் பாத்த முகத்துல ஏறிட்டு இருந்தா கிழக்கே என்ன வளருதுன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது, தலைக்கு மேல வந்தப்புறம் தான் தெரியும். அதனால அடிவாரத்துக்குப் போறதுக்கு முன்னாடி, நாலு பக்கமும் தெரியுற இடத்துல நின்னு ஒரு தடவை பாருங்க, மேகம் எந்தத் திசையில இருந்து எந்தத் திசைக்கு நகருதுன்னு மனசுல வச்சுக்கோங்க. காத்து திடீர்னு திசை மாறி ஜில்லுன்னு அடிச்சா மேகத்துல இருந்து இறங்குற காத்து வந்துடுச்சுன்னு அர்த்தம், மழை பின்னாடியே வருது.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல எண்ணுங்க, மூணு செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர். 30 செகண்டுக்குள்ள இடி கேட்டா 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கு, அது ஆபத்து எல்லை, அதுக்குள்ள நீங்க ஏற்கனவே கீழ இருக்கணும். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகுற வரைக்கும் திரும்ப ஏறாதீங்க. ஆழமில்லாத குகை, துருத்திட்டு இருக்குற பாறைக்குக் கீழ ஒதுங்குறது மழைக்கு சரி, மின்னலுக்கு ரொம்பத் தப்பு, பாறையில இறங்குற கரண்ட் மேல் விளிம்புல இருந்து தரைக்கு உங்க உடம்பு வழியாத் தாவும். பாறைச் சுவர்ல சாஞ்சு உக்காரவும் கூடாது. நடந்து காருக்குப் போயிடுங்க, கண்ணாடியை ஏத்திட்டு உள்ள உக்காருங்க.


புதுக்கயிறு:

அம்மாடி, இவ்ளோ எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. டியூ பாயிண்ட் ஆப்ல இருக்குறதே இப்ப தான் கவனிச்சேன், ரெண்டாவது பக்கத்துல ஒளிஞ்சிருக்கு.

நிலவரம் சொல்றேன். அந்த மணற்கல் பாறை வடக்கு முகம், பாதிக்கு மேல மரம். வெள்ளிக்கிழமை பூரா மூட்டமா தான் இருந்துச்சாம். அதனால கல்லுளிமங்கன் சொன்ன மாதிரி பாத்தா அது அவுட்டுன்னு நினைக்குறேன். கூட வர்றவ வேற ஒரு இடம் சொல்றா, சுண்ணாம்புக்கல், நல்லா வெளிய துருத்திட்டு இருக்குற ஓவர்ஹேங், மழை பெஞ்சாலும் ஒரு சொட்டு படாதாம், எல்லாம் போல்ட் போட்ட ரூட். அது பரவாயில்லையா? போல்ட் எல்லாம் கொஞ்சம் பழசுன்னும் சொன்னா.


கசிவுக்காரன்:

சுண்ணாம்புக்கல்லா, என் ஏரியா. மழை நேரா படாதுங்குறது உண்மை தான். மழை பெஞ்சுட்டு இருக்கும்போதே சில ஓவர்ஹேங்ல ஜாலியா ஏறலாம். கூத்து என்னன்னா அந்த மழை மேல இருக்குற மண்ணுல, பாறை இடுக்குல எல்லாம் மெதுவா இறங்கி, ரெண்டு மூணு நாள் கழிச்சு, எல்லாரும் வெயில் வந்துடுச்சுன்னு சந்தோஷமா கிளம்பி வர்ற அன்னிக்கு உள்ள இருந்து கசிய ஆரம்பிக்கும். புதன் வியாழன் மழைன்னா ஞாயித்துக்கிழமை தான் அது வெளிய வர்ற நாளா இருக்கலாம். பெரிய மழைக்காலம் முடிஞ்சப்புறம் வாரக்கணக்குல கசியுற ரூட் எல்லாம் இருக்கு.

ஆனா ஒரு நல்லது, கசிவு எப்பவும் ஒரே இடத்துல தான் வரும். கருப்பு இல்ல சாம்பல் நிறத்துல நீளமா கோடு இறங்கியிருக்கும், தொங்கட்டான் மாதிரி துருத்திட்டு இருக்குற கல்லு இருக்கும், பாக்கெட் ஓட்டைக்குக் கீழ பாசி இருக்கும், அதெல்லாம் தண்ணி வழக்கமா வர்ற வழி. அந்தக் கோட்டுல இருந்து நாலடி தள்ளி இருக்குற ரூட் எலும்பா காஞ்சு கிடக்கும். கீழ இருந்து பாத்து கோடு எதையும் குறுக்க வெட்டாத ரூட்டா எடுங்க. பாக்கெட்டுக்குள்ள விரல் விட்டா குட்டிக் குளம் இருக்கலாம், ஒரு துணியை இடுப்புல சொருகிட்டு போங்க. சுண்ணாம்புக்கல்லு மணற்கல்லு மாதிரி ஈரத்துல பொதுவா பலம் இழக்காது, அதனால நனைஞ்சா வழுக்குமே தவிர ஹோல்டு கையோட வர்றது அபூர்வம். நிறைய பேர் ஏறித் தேய்ஞ்ச ரூட்டுன்னா மட்டும் அந்த வழுவழுப்போட ஈரமும் சேர்ந்தா கால் நிக்காது.

மேல ஏறிப் போய் ஈரக் கோடு வந்துச்சுன்னா இறங்கிடலாம்னு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க, அங்க போய் பஞ்சாயத்து வேணாம்.


போல்ட்டுக்கிழவன்:

எல்லாரும் தண்ணியைப் பத்தியே பேசுறீங்க. காஞ்ச கல்லும் விழும். யோசெமிட்டியில எல் கேப்டன்ல 2017 செப்டம்பர்ல பெரிய பாளம் கழண்டு விழுந்து ஒருத்தர் செத்தாரு, மறுநாள் அதை விடப் பெருசா விழுந்துச்சு, அன்னிக்கு மழையும் இல்ல ஒண்ணும் இல்ல. அங்க கருங்கல் பாளம் ஒண்ணை அளந்து பாத்திருக்காங்க, பகல் சூட்டுல பாறையை விட்டு வெளிய நகர்ந்து ராத்திரி குளிர்ல திரும்ப உள்ள போகுது, ஒரே நாள்ல ஒரு சென்டிமீட்டர் வரைக்கும். நெனச்சுப் பாருங்க, தினமும் இப்படி ஆடிட்டே இருக்குற கல்லு. மழையும் சூடும் சேர்ந்தா கேக்கவே வேணாம். குளிர் இடம்னா இன்னொண்ணு, விரிசல்ல நின்ன தண்ணி உறைஞ்சா ஒன்பது சதவீதம் பெருகி கல்லைத் தள்ளும், அதுவே பசை மாதிரி பிடிச்சும் வச்சிருக்கும், காலையில வெயில் பட்டு உருகினதும் விட்டுடும். அந்த மாதிரி காலநிலையில வெயில் பட்ட முதல் ஒரு மணி நேரம் அடிவாரத்துல நிக்காதீங்க.

தம்பி இல்ல தங்கச்சி, யாரா இருந்தாலும் சரி, போனதும் முதல்ல தரையைப் பாருங்க. புதுசா ஒடஞ்ச கல்லு வெளுத்த கலர்ல, ஓரம் கூர்மையா கிடக்கும், பாசி இருக்காது, தூசி புதுசா இருக்கும், புல்லு நசுங்கியிருக்கும். அப்புறம் தலையைத் தூக்கி அதே வெளுத்த கலர் பாறையில எங்க இருக்குன்னு தேடுங்க, அங்க இருந்து தான் வந்திருக்கு, பக்கத்துல இருக்குறதும் தளர்ந்திருக்கும், அதுக்கு நேர் கீழ இருக்குற ரூட் அன்னிக்கு வேணாம். பெரு மழைக்கு அப்புறம் மேல் விளிம்புல இருக்குற மண்ணும் கல்லும் சேர்ந்து வர்றது சகஜம், ஹெல்மெட் பிலே பிடிக்குறவங்களுக்கும் தான், இதுல ஓவர்ஹேங்கு, விளிம்புல இருந்து விழுறது வெளிய தள்ளி விழும்னு வேற கணக்கு போட்டு உள்ள தள்ளி நில்லுங்க.

ஏறும்போது சந்தேகமான ஹோல்டைத் தட்டிப் பாருங்க, உள்ளங்கையோட அடிப்பக்கத்தால ரெண்டு தட்டு. கெட்டிக் கல்லு சத்தமே இல்லாம கையை வலிக்க வைக்கும், பொக்கையா இருக்குறது டொக்குனு ஒரு சத்தம் குடுக்கும், இன்னொரு கையை அது மேல வச்சுட்டு தட்டினா அதிர்றது தெரியும். பொக்கைன்னா விட்டுடுங்க, வேற வழியே இல்லைன்னா கீழ்நோக்கி மட்டும் பிடிங்க, உங்களை நோக்கி இழுக்காதீங்க. பொக்கைப் பாளத்துக்குப் பின்னாடி கேம் போடவே கூடாது, விழுந்தா அது விரிஞ்சு பாளத்தை நெம்பிக் கழட்டிடும், உங்க ரூட்ல போல்ட் தான்னாலும் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

போல்ட்டுக்கு வர்றேன். ஹேங்கரை (போல்ட்ல மாட்டியிருக்குற ஓட்டை வச்ச தகடு) கையால அசைச்சுப் பாருங்க, சுத்துனா நட் தளர்ந்திருக்கு, போல்ட்டே ஆடினா அதை நம்பாதீங்க. மேல லேசா துரு பரவாயில்ல. போல்ட் போன ஓட்டையில இருந்து பழுப்புக் கோடு கல்லு மேல வழிஞ்சிருந்தா உள்ள அரிச்சுட்டு இருக்குன்னு அர்த்தம், அது சீரியஸ். கசிவுக் கோட்டு மேல இருக்குற போல்ட்டை இன்னும் சந்தேகமாப் பாருங்க. கடலோரம்னா இன்னும் மோசம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ங்குறதே அங்க கதைக்கு ஆகாது, வெளிய பளபளன்னு இருந்துட்டு உள்ள விரிசல் விட்டு படக்குன்னு ஒடஞ்சிருக்கு, அதனால தான் தாய்லாந்துல ரெய்லே பக்கம் சுண்ணாம்புப் பாறையில டைட்டானியம் போல்ட்டா மாத்தினாங்க.


புதுக்கயிறு:

கடலோரம் இல்ல, உள்நாடு தான், அந்த வகையில தப்பிச்சோம். இப்ப முடிவு என்னன்னா, சுண்ணாம்புப் பாறைக்கு, சனி ராத்திரியும் ஞாயிறு காலையும் திரும்பப் பாத்துட்டு, இடின்னு போட்டிருந்தா மத்தியானத்துக்குள்ள முடிக்குற மாதிரி விடியக்காலையில கிளம்புறோம், கசிவுக் கோடு இல்லாத ரூட்டா கீழ இருந்தே ரெண்டு மூணு பாத்து வச்சுக்குறோம்.

கடைசியா ஒண்ணு. பாதி ரூட்ல போல்ட் சரியில்லன்னோ ஈரம்னோ தெரிஞ்சு திரும்பணும்னா எப்படி இறங்குறது? சுவர்ல எப்பவும் உச்சிக்குப் போய் தான் இறங்கியிருக்கோம்.


கசிவுக்காரன்:

விட்டுட்டு வர்றதுக்குன்னே ஒரு பழைய கேரபினர் கொக்கி, இல்ல திருகு போட்ட சின்ன இரும்பு வளையம் ஹார்னெஸ்ல (இடுப்புப் பட்டையில) எப்பவும் மாட்டி வச்சுக்கோங்க. கடைசியா நம்பிக்கையா இருக்குற போல்ட் ஹேங்கர்ல அதைப் போட்டு, கயிறை அதுல விட்டு இறக்கச் சொல்லுங்க. கயிறை நேரா ஹேங்கர் ஓட்டையில கோக்கவே கூடாது, அந்த விளிம்பு கூர்மை, லோடுல கயிறை அறுத்துடும். ஒரே போல்ட்ல இறங்கும்போது அதுக்குக் கீழ இருக்குற போல்ட்ல குவிக்டிரா (போல்ட்டையும் கயிறையும் இணைக்குற ரெட்டைக் கொக்கி) அப்படியே கிடக்கட்டும், அங்க வந்து சேர்ந்ததும் கயிறுல வெயிட் இருக்கும்போதே அதைக் கழட்டிட்டு அடுத்ததுக்கு இறங்குங்க, மேல போல்ட் போச்சுன்னா கீழ இருக்குறது பிடிக்கும். கயிறோட இன்னொரு முனையில முடிச்சு. அதை பிலே பிடிக்குறவ தரையில இருந்தே போட்டு வச்சுடணும், பாதியில நின்னு ஞாபகம் வந்தா போட முடியாது.


மேகம்பாக்குறவ:

இப்ப தான் மாடல் கணக்கோட புது ஓட்டம் வந்திருக்கு பாத்தேன், நீங்க ஏரியா சொல்லாததால பொதுவா சொல்றேன், சனி சாயங்கால ஓட்டம் வந்தப்புறம் இங்க மணி வாரி மில்லிமீட்டரையும் டியூ பாயிண்ட்டையும் போடுங்க, சேர்ந்து பாக்கலாம். ஆப்ல இருக்குற சூரியன் படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டா பதில் வராது 😄